மெதுவாக வந்த பந்து

மூன்றாவது முறையும் பந்து மெதுவாகத்தான் வந்தது. வலைக்கு மேல் கைகளை விரித்து எழும்பிய வனிதாவின் விரல்களில் பட்டு, எதிர்ப்பக்கத்திலேயே விழுந்தது. வெளியே உட்கார்ந்திருந்த பெண்கள் கைதட்டினார்கள். எட்டு மாதம் கழித்துக் களத்தில் இறங்கியவள் தொடர்ந்து மூன்று பந்துகளைத் தடுத்துவிட்டால் யார்தான் கைதட்டமாட்டார்கள். வனிதாவுக்கு மட்டும் உறைத்தது. அடித்தவள் யோகப்பிரியா. அவள் கை ஓங்கினால் பந்து தரையில் அறைந்து ஆள் உயரம் எழும்பும். இப்படிப் பூப்போட்டதுபோல் அடிக்கிறவள் அல்ல அவள்.

எட்டு மாதத்துக்கு முன், வாலிபால் லீக் போட்டியின் நாலாவது செட்டில், எழும்பி இறங்கிய வனிதா அப்படியே மடங்கி விழுந்தாள். நாடி நின்றுவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து மின்னதிர்ச்சி கொடுத்து அவளை மீட்கும்வரை ஏழு நிமிடம் அவள் மார்பை விடாமல் அழுத்தியவள் இதே யோகப்பிரியாதான். அணியில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவள். பிறகு மருத்துவமனையில், இதயத்தின் தசை பிறவியிலேயே தடித்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். இடது தோளுக்குக் கீழே தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கருவி ஒன்றைத் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார்கள். இதயம் தாளம் தப்பினால் அதுவே உள்ளிருந்து அதிர்ச்சி கொடுத்து இழுத்துப் பிடிக்குமாம்.

"முன்னெல்லாம் இப்படி வந்தா இனி ஆடக்கூடாதுன்னு நாங்களே எழுதிக் கொடுத்துடுவோம்மா," என்றார் மருத்துவர். "இப்ப அப்படி இல்ல. இந்தக் கருவியோட ஆடறவங்க இருக்காங்க. மறுபடி வரலாம். வந்தா இது காப்பாத்தும்னுதான் நம்பறோம், உறுதி சொல்ல முடியாது. முடிவு உங்களோடது."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைப் படுத்தியது. சொந்த ஊரான நல்லேப்பிள்ளிக்கு வந்து வீட்டில் கிடந்த மாதங்களில் ஆளாளுக்கு ஒவ்வொரு விதத்தில் அதையே சொன்னார்கள். பயிற்சியாளர் கோகுல்நாத், கருவியோடு களத்துக்குத் திரும்பிய வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் வீடியோக்களை அனுப்பிக்கொண்டிருந்தார். அம்மா கமலாத்தாள் சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டுப் போவாள். அப்பா காளிச்சாமி, "உன்ற இஷ்டம் கண்ணு," என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்கு நடந்துவிடுவார். கேட்டவர்களிடமெல்லாம் வனிதா, ஆடுவேன் என்றாள். பதிமூன்று வயதிலிருந்து பந்தைத் தவிர வேறு எதையும் யோசித்ததில்லை. ஆறடி உயரத்தை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வதென்றும் அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் மாடிப்படி ஏறும்போதெல்லாம் பாதியில் நின்று நெஞ்சுக்குள்ளே செவி கொடுத்துக் கேட்டாள். பயமாக இருக்கிறது என்ற ஒரு சொல்லை மட்டும் யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. சொல்லிவிட்டால், இத்தனை வருடம் ஆடியது வேறு யாரோ என்று ஆகிவிடும்போல இருந்தது.

பக்கத்திலிருக்கும் சித்தூரில் அணியின் பயிற்சி முகாம் தொடங்கியதும் பஸ் ஏறி வந்துவிட்டாள். இன்று ஐந்தாம் நாள். முதல் நான்கு நாளும் ஓட்டமும் உடற்பயிற்சியும்தான். இன்று காலைதான் வலைக்கு முன்னால் நிற்கவிட்டார்கள்.

இடைவேளையில் யோகப்பிரியா தண்ணீர்க்குழாயடிக்குப் போனாள். வனிதாவும் பின்னாலேயே போனாள்.

"ஏண்டி, என்ன ஆட்டம் இது? எனக்குப் பாவம் பாத்து அடிக்கறயா?"

யோகப்பிரியா குழாயை மூடாமல் நின்றாள். தண்ணீர் அவள் ஷூவை நனைத்துக்கொண்டிருந்தது.

"இல்லீங்கக்கா. கை வர மாட்டீங்குது."

"கைக்கு என்ன?"

"அன்னைக்கு அமுத்துனப்ப உங்க விலா எலும்பு ஒண்ணு ஒடஞ்சுதுங்கக்கா. சத்தம் எங்கைக்குள்ள கேட்டுச்சு. அப்பவும் நிறுத்தாம அமுத்துனேன். இப்ப நீங்க எதுத்தாப்புல எகிறி நின்னீங்கன்னா பந்து தெரிய மாட்டீங்குது. உங்க நெஞ்சுதான் தெரியுது." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "நீங்க ஆடுங்க. ஆடக்கூடாதுன்னு நாஞ்சொல்லுல. அது உங்க உசுரு, உங்க ஆட்டம். ஆனா இன்னொருக்கா என்னால அமுத்த முடியாதுங்கக்கா."

வனிதா குழாயை மூடினாள். தான் விழுந்த அந்த ஏழு நிமிடங்கள் அவளிடம் இல்லை. எழும்பியது நினைவிருக்கிறது, பிறகு ஆஸ்பத்திரியின் வெள்ளை விளக்கு. நடுவில் இருந்ததையெல்லாம் இந்த இருபத்தோரு வயதுக்காரி ஒருத்தியாகவே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள்.

"எனக்கும் பயமாத்தான்டி இருக்குது," என்றாள். சொன்ன பிறகுதான், சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. "இன்னைக்கு ஒவ்வொருக்கா எகிறும்போதும் இப்பத்தான் போகப் போகுதுன்னே எகிறுனேன். நா ஆடுல. போதும்."

யோகப்பிரியா அவளை அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஈரக்கையோடு அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். வனிதாவுக்குச் சிரிப்பு வந்தது. எதற்கென்று தெரியாமல் குழாயடியிலேயே நின்று சிரித்தாள்.

கோகுல்நாத்திடம் போய்ச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ஆபத்தைத் தெரிந்தே ஆடுகிறேன் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டிய தாள் நான்கு நாளாக அவர் பையிலேயே இருந்ததாம். "எடுத்து நீட்டறதுக்கு எனக்கு மனசு வல்லம்மா," என்றார். ஒரு பேச்சுக்காவது இன்னொரு முறை யோசி என்று சொல்லுவார் என வனிதா எதிர்பார்த்திருந்தாள். சொல்லவில்லை. அது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. இவ்வளவு பேரும் இந்த ஒரு சொல்லுக்குத்தான் காத்திருந்தார்களா? அவர் உடனே, மாற்று ஆளுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று அவளிடமே கேட்டார். இரண்டு பெயர் சொன்னாள். மூன்றாவதாக ஒரு பெயரும் நினைவு வந்தது. அந்தப் பெண்ணுக்கு இடது பக்கம் பலவீனம், ஆனால் திருத்திவிடலாம் என்றாள்.

பிறகு வெளியே வந்து புளியமரத்து நிழலில் நின்று அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் வயலில் இருந்தார். பின்னால் மோட்டார்த் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"அப்பா, நா ஆடுலீங்ப்பா. சொல்லிப்போட்டேன்."

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"அப்பா?"

"செரி கண்ணு," என்றார். பிறகு, "உண்டியா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லீங்ப்பா."

"உண்டுக்க மொதல்ல."

அத்தோடு முடித்துவிட்டார் என்று நினைத்து போனைக் காதிலிருந்து எடுக்கப் போனவள், உள்ளே இன்னும் தண்ணீர்ச் சத்தம் கேட்பதைக் கவனித்தாள். அழைப்பைத் துண்டிக்காமலே சட்டைப்பைக்குள் போட்டுவிட்டிருக்கிறார். துணி உரசும் சத்தம். சேற்றில் கால் பிடுங்கி வைக்கும் சத்தம். பிறகு அதுவே வேகமானது. "கமலா... ஏ கமலா..." என்று அவர் கூப்பிடுவது மூச்சு வாங்கக் கேட்டது. எங்கோ ஒரு மயில் அகவியது. தூரத்திலிருந்து அம்மாவின் குரல், "ஏனுங்க, எதுக்கு இப்பிடி ஓடியாறீங்க? பாத்து வாங்க, வரப்பு வழுக்கும்," என்றது.

வனிதா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவர் வரப்பில் ஓடுவதைக் கேட்டபடி நின்றாள்.