மூணு வாட்டி

வயிற்றை அறுத்தவர்கள் காலில் எதற்குக் குத்துகிறார்கள்? குளச்சல் மீன் ஏலக்காரன் சிலுவைமுத்துவுக்கு இது கொஞ்சமும் பிடிபடவில்லை. பெருங்குடலில் இருந்த புற்றுக்கட்டியை வெட்டி எடுத்து நாலு நாளாயிற்று. குடல் இன்னும் மரத்துப்போய்க் கிடந்தது. வயிறு ஊதியிருந்தது, மூக்குக்குழாய் வழியே பச்சைத் தண்ணீர் பைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. காற்றுப் பிரியாவிட்டால் மறுபடியும் திறந்து பார்க்க வேண்டி வரலாம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். பின்னாலேயே ஆன்ஸ்லின் என்ற இளம் டாக்டர் ஒரு சின்னப் பெட்டியோடு வந்து, இது குடலை எழுப்பிவிடும் என்று சொல்லி, முழங்காலுக்குக் கீழே மெல்லிய ஊசிகளை ஏற்றி, ஒயர் மாட்டி, கரண்ட் கொடுத்தார். கால் சதை தன் பாட்டுக்குத் துடித்தது.

"ஏட்டி, உள்ள பஞ்ச வெச்சுத் தைச்சிட்டானுவ. அத மறைக்கதுக்காக்கும் இந்த வித்த," என்று மனைவி செல்லத்தாயிடம் கிசுகிசுத்தான்.

"சும்மா கெடங்க. ஒலகத்துல எல்லாரும் ஒங்கள மாதிரியா?"

அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. முப்பது வருசமாக, யாரும் கேட்காத விலையைக் கேட்டதுபோல் கூவி ஏலத்தை ஏற்றிவிட்டவன் அவன். நேற்றைய சாளை மீனை ஐஸுக்குள் ஒளிக்கிறவர்களையும் பார்த்தவன். டாக்டர் சொன்னபடி கேளுங்கப்பா என்று மஸ்கட்டிலிருந்து மகன் ஷிஜின் வாட்சாப்பில் அனுப்பியதைக்கூட, இவர்கள் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பியிருப்பான் என்று நினைத்தான். பாவம், இதற்கு ஆன்ஸ்லின் என்ன செய்வார்!

காற்றுப் பிரிந்தால் ஊசி கிடையாது, குழாயையும் எடுத்துவிடுவார்கள் என்று நர்ஸ் பக்கத்துக் கட்டிலில் சொன்னது காதில் விழுந்தது. அது போதாதா அவனுக்கு? மறுநாள் காலையில் டாக்டர் பெட்டியைத் திறக்குமுன்னே தொண்டையைச் செருமினான்.

"போச்சு டாக்டரே! ஒரு வாட்டி... ரெண்டு வாட்டி... மூணு வாட்டி!"

டாக்டரின் முகம் மலர்ந்தது. "அப்போ குழாய எடுத்துரலாம். கஞ்சித்தண்ணி குடுத்துப் பாக்கலாம்."

செல்லத்தாய் குறுக்கே வந்து நின்றாள்.

"எடுக்காதீங்க டாக்டர், இவரு பொய் சொல்லுதாரு! நான் இவருக்க ஏலத்துல மீன் எடுத்து வித்தவளாக்கும். நெசமா கேட்ட வெலைன்னா ஒரே வாட்டில முடிச்சிருவாரு. ஆளில்லாத வெலையத்தான் இப்பிடி மூணு வாட்டி இழுத்துக் கூவுவாரு."

ஆன்ஸ்லின் ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் கேட்டார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"கஞ்சி குடுத்திருந்தா வாந்தி நெஞ்சுக்குள்ள ஏறியிருக்கும். உயிருக்கே ஆபத்து," என்றார். கோபத்தோடு பெட்டியைத் திறந்தார். சிலுவைமுத்து சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஊசிகள் மறுபடியும் ஏறின.

அன்று சாயங்காலம் வயிற்றுக்குள் என்னமோ உருண்டது. பிறகு, பைய, சத்தமே இல்லாமல் காற்றுப் பிரிந்தது. கரண்டுதானா, குடல் தானாக எழும்பியதா என்று அப்போதும் அவனுக்குச் சந்தேகம்தான்.

"செல்லத்தாயி, போச்சுட்டி."

ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "எத்தன வாட்டி?"

"ஒரே ஒரு வாட்டி. மாதாமேல சத்தியம். நம்புட்டி."

அவள் நம்பமாட்டாளோ என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

செல்லத்தாய் ஜெபமாலையை வைத்துவிட்டு எழுந்தாள். தையலில் படாமல் அவன் வயிற்றோரம் காதை வைத்தாள். உள்ளே களகளவென்று கேட்டது.

"ஒரு வாட்டி," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு வாட்டி."

மூன்றாவது வாட்டிக்குக் காத்திராமல் டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.