சும்மா கிடந்த காதுகள்

கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பை ஒட்டியிருந்த சின்ன நூலகத்துக்கு ஆதிரா மாற்றலாகி வந்தது 2014 ஜனவரியில். தினமும் வடசேரியில் பஸ் ஏறி வருவாள். வந்த அன்றே குடியிருப்புக்காரர்கள் அவளை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். "நான் டீச்சர் இல்ல, நூலகர்" என்று ஒரு வாரம் திருத்திப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

ஏப்ரலில் வைகுண்டராஜன் என்ற அதிகாரி ஆய்வுக்கு வந்தார். பதிவேட்டைப் புரட்டினார். போன மாதம் முழுக்க வெளியே போனது பதினொரு புத்தகம். அதில் ஒன்பது, ரப்பர்ப் பாலைப் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்க்கும் ராகேல் எடுத்தவை.

"ஆளாளுக்கு போன் வந்தாச்சும்மா. இனி இதைத் தேடி யாரு வருவா?" என்றார். குரலில் கோபமில்லை, சலிப்புதான். "ஆகஸ்டுல திரும்ப வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா, கீழ இருக்கிற நூலகத்தோட சேர்க்கச் சொல்லித்தான் எழுத முடியும்."

மறுநாள் மதியம் ஆதிரா நூலகத்தைப் பூட்டிவிட்டு, பால் அளக்கும் கொட்டகைக்கு நடந்தாள். வாளியோடு வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் வயர். அவளுக்கு எரிச்சல் மூண்டது. முன்னால் நின்ற நாகம்மையிடம், "அப்படி என்னதான் கேக்கிறீங்க அக்கா?" என்றாள்.

"சினிமாப் பாட்டுதான். வடசேரியில ஒரு கடையில மெமரி கார்டுல ஏத்தித் தந்தான். ரெண்டு வருசமா இதே நாப்பது பாட்டு. மரத்துக்கும் மனப்பாடமாயிருக்கும்."

"அதுக்கு ஒரு புத்தகம் எடுத்துப் படிக்கலாம்லா?"

நாகம்மை கைகளை விரித்துக் காட்டினாள். விரலிடுக்கெல்லாம் காய்ந்த பால் ஒட்டியிருந்தது. "விடியதுக்கு முன்ன எழும்பி முந்நூறு மரத்துல பால் வெட்டுகோம். கை ஒழியாது. கண்ணு கத்தியில இருக்கணும். வீட்டுக்குப் போனா படுத்தாப் போதும்னு இருக்கும். காது மட்டுந்தான் டீச்சர் சும்மா கெடக்கு."

பஸ்ஸில் திரும்பும்போது அந்த வார்த்தை ஆதிராவை விடவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஒரு சிறுகதையை வாசித்துத் தன் போனிலேயே பதிவு செய்தாள். மறுநாள் அதை நாகம்மையின் போனுக்கு அனுப்பினாள். இரண்டு நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது.

"கத நல்ல கததான். ஆனா ஒங்க கொரலு செய்தி வாசிக்கியது மாதிரி இருக்கு. ஒறக்கம் வருது. கத்தி கையில இருக்கச்சில ஒறங்கப்பிடாதுல்லா?"

ஆதிரா சிரித்துவிட்டாள். "அப்ப வேற யாரு வாசிப்பா?"

"நம்ம செல்வதாஸ் அண்ணன்தான். கோயில் திருநாளுக்கு மைக் புடிச்சாருன்னா மலைக்கு அந்தப் பக்கம் கேக்கும்."

செல்வதாஸ் பால் அளப்பவர். மதியம் வேலை முடிந்ததும் வந்து உட்கார்ந்தார். ஆதிரா ஒரு பழைய நாவலைக் கொடுத்தாள். தாயம்மை என்ற பெண், புருஷன் விட்டுப்போன ஓடத்தைத் தானே தள்ளி ஊரை அக்கரை சேர்க்கும் கதை. செல்வதாஸ் வாசித்தார் என்று சொல்ல முடியாது. கதையில் வரும் தாசில்தாருக்கு மூக்கால் ஒரு குரல், தாயம்மைக்குத் தழைந்த குரல். துடுப்புச் சத்தத்துக்கு வாளித் தண்ணீரில் கைவிட்டு அலம்பினார். தினம் ஒரு பாகம் ஆதிராவின் போனில் பதிவானது. அது போனிலிருந்து போனுக்குத் தாவி, ஒரு வாரத்தில் மலை முழுக்கப் பரவிவிட்டது. "தாசில்தார் இன்னைக்கு என்ன செய்தான்?" என்று பஸ் கண்டக்டர்கூட விசாரித்தார்.

ஆனால் பதிவேடு அப்படியே கிடந்தது. எல்லோரும் கேட்டார்கள், நூலகத்துக்கு ஒருவரும் வரவில்லை. போனிலேயே கதை கிடைக்கும்போது எதற்கு வரவேண்டும்? தன் குழியைத் தானே தோண்டிவிட்டோமோ என்று ஆதிராவுக்கு உள்ளூர உதைத்தது.

ஜூலை முதல் வாரம் கடைசிப் பாகம் வந்தது. ஆலையில் யாரோ அதைச் சத்தமாக ஓடவிட, ராகேல் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்தாள்.

"இது என்ன அநியாயம்! தாயம்மை வெள்ளத்தோட போயிருவால்லா?"

"ஏட்டி, காதால கேட்டேன். கரையேறி வந்து கஞ்சி குடிச்சா" என்றாள் அங்கே வந்திருந்த நாகம்மை.

"நான் கண்ணால வாசிச்சேன். செத்தாச்சு!"

சாயங்காலம் நூலக வாசலில் முப்பது பேர். ஆதிரா புத்தகத்தை எடுத்து நாகம்மையிடமே கொடுத்தாள். நாகம்மை எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்தாள். ஓடம் கவிழ்ந்தது. தாயம்மையின் கை ஒருமுறை தண்ணீருக்கு மேலே தெரிந்தது. பிறகு தெரியவில்லை. நாகம்மை புத்தகத்தை மூடிக் கண்ணைத் துடைத்தாள். எல்லோரும் செல்வதாஸைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெண்டு மாசம் அவகூடவே கெடந்தேன். எப்படி என் வாயால கொல்லுவேன்?" என்றார் அவர். "அதான் ஒரு கட்டையப் புடிச்சுக் கரையேற விட்டேன்."

பாதிப் பேர் திட்டினார்கள், பாதிப் பேர் அவர் செய்தது சரி என்றார்கள். கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "அண்ணே, முந்தின பாகத்துலயும் கைய வச்சீரா?"

செல்வதாஸ் தலையைச் சொறிந்தார். "அங்கங்க... கொஞ்சம்போல."

அவ்வளவுதான். முதல் பக்கத்திலிருந்து பார்த்தே ஆகவேண்டும் என்று ஆளாளுக்குக் கை நீட்டினார்கள். நூலகத்தில் இருந்ததோ இரண்டே பிரதி. ஆதிரா முறை போட்டுப் பதினேழு பெயர்களை எழுதினாள். காத்திருக்கப் பொறுக்காதவர்கள் வேறு புத்தகம் கொண்டுபோனார்கள். வாசிக்கத் தெரியாதவர்கள், தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரை இழுத்து வந்தார்கள். மழையில் வீடு ஒழுகுமே என்று சிலர் தயங்க, பால் வடிய வெட்டிய இடம் நனையாமல் மரத்தில் கட்டும் பிளாஸ்டிக் தாளில் மிஞ்சியதைக் கத்தரித்து, நாகம்மை அட்டை போட்டுக் கொடுத்தாள்.

ஆகஸ்டில் வைகுண்டராஜன் வந்தபோது அவருக்கு உட்கார நாற்காலி இல்லை. பதிவேட்டில் ஜூலை மாதம் மட்டும் நூற்று நாற்பத்து மூன்று புத்தகம். மூலையில் செல்வதாஸ் போனுக்கு முன்னால் அடுத்த நாவலை வாசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாகம்மை, இன்னொரு பிரதியில் வரிக்கு வரி விரல் வைத்தபடி.

"அண்ணே, 'சிரிச்சான்'னு அங்க இல்ல."

"அவன் மொகமே சிரிச்ச மொகம், மக்கா!"

"இல்லாதத வாசிக்காதேயும்."

நடந்ததை ஆதிரா சொன்னாள். வைகுண்டராஜன் பெஞ்சில் கிடைத்த இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, தாயம்மை கதையின் கடைசி அத்தியாயத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். மூன்று மணி பஸ் போய்விட்டது. பிறகு பேனாவை எடுத்து, 'சேர்க்க வேண்டியதில்லை. கூடுதல் பிரதிகளும் நாற்காலிகளும் தேவை' என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆதிரா மூச்சுவிட்டாள். அவர் எழுந்து போகவில்லை. சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்து நாகம்மையிடம் நீட்டினார்.

"அந்தக் கரையேறுற பாகத்தை இதுக்கு அனுப்புங்கம்மா. மனசு கேக்கல."

செல்வதாஸ் சிரித்தார். இந்தமுறை அது இட்டுக்கட்டியதில்லை.