குறுக்கே நட்ட கிளைகள்

ஏரி உறைந்ததும், கண்ணுகளா, எங்கள் ஊரார் சேர்ந்து அதன்மேல் பாதை போடுவோம். கடையும் பள்ளியும் அக்கரையில். ஐஸைத் துளைத்துக் கனம் அளந்து, வழியோரமாக ஊசியிலைக் கிளைகளை நடுவோம். ஓடை வந்து சேரும் இடத்தில் மட்டும் ஐஸ் மெலிது. அங்கே இரண்டு கிளைகள் பெருக்கல் குறிபோல் நின்றால், போகாதே என்று அர்த்தம்.

எங்கள் ஊர்ப் பெண் சிக்னே பதினேழு வயதில் ஓர் இரவு அந்தக் கிளைகளைப் பிடுங்கி எரித்துத் தோழிகளோடு குளிர்காய்ந்தாள். காலையில் வேறு நட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நடவில்லை. விடிந்ததும் மூடுபனியில் அந்த வழியாக வந்த ஊர்ப் பையன் ஆர்வித், ஐஸ் உடைந்து பனி ஸ்கூட்டரோடு தண்ணீருக்குள் போனான். உயிரோடு வெளியே இழுத்துவிட்டோம். வலது கையில் மூன்று விரல்களைக் குளிர் தின்றுவிட்டது. அப்போது அவனுக்குப் பதினெட்டு.

சிக்னே தெற்கே போய் மூன்று வருடம் ரொட்டிக்கடையில் வேலை பார்த்தாள். பிறகு, பாதை போடும் நாளன்று வந்து நின்றாள். ஊர் சேர்த்துக்கொண்டால் இருப்பாள், இல்லையென்றால் திரும்பிவிடுவாள்.

"என்னடி, விறகு பொறுக்க வந்தியா?" என்றாள் குன்வோர். பாதை வேலைக்கு அவள்தான் தலைவி. சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், இன்றும் அது உறுத்துகிறது.

"துளை போட வந்தேன் அத்தை."

"அவனைக் கேளு. போன விரலு அவனோடது."

ஆர்வித் காபிக் குடுவையை அக்குளில் இடுக்கி மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். சிக்னே உதவக் கை நீட்டினாள்.

"வேணாம், பழகிருச்சு."

"ஆர்வித், நான்..."

"உன் கடுதாசி எல்லாம் படிச்சேன். மன்னிக்கலாம்னுதான் பாத்தேன். வரல." குடுவையைக் கீழே வைத்தான். "ட்ரில்ல எடு. என்னால அதைப் பிடிக்க முடியாது."

மதியம் ஓடைப்பக்கம் வந்தோம். குன்வோரின் துளையில் பதினெட்டு சென்டிமீட்டர், ஸ்கூட்டர் போகப் போதுமான கனம். நேராகப் போனால் தூரம் பாதி. எல்லோருக்கும் அதுவே ஆசை. சிக்னே மட்டும் மண்டியிட்டுத் துளைமேல் துளை போட்டாள்.

"போதும்டி, மூக்கு உறைஞ்சு கழண்டு விழப்போவுது!"

"இங்க ஏழுதான் இருக்கு அத்தை. சுத்திப் போவோம்."

"யாரு சொல்றது பாரு!"

சிக்னேயின் முகம் சிவந்தது. எழுந்திருக்கவில்லை. ஆர்வித் வந்து அளவுகோலைத் தானே துளைக்குள் விட்டுப் பார்த்தான்.

"ஏழுதான்," என்றான். "சுத்தியே போவோம்."

பாதையை அளந்தவர் முதலில் நடக்க வேண்டும். சிக்னே நடந்தாள். ஐஸ்மேல் ஆளுக்கு ஆள் முப்பதடி விடுவது வழக்கம். அடுத்து இறங்கிய ஆர்வித் இருநூறடி விட்டான். திரும்பிப் பார்த்தால் அவன் நின்றுவிடுவானோ என்ற பயத்தில் அக்கரை வரை தலையைத் திருப்பவில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

எட்டு வருடமாக அவள் இங்கேதான் இருக்கிறாள். கடையில் எதிர்ப்பட்டால் ஆர்வித் தலையசைப்பான். அதற்குமேல் ஒன்றுமில்லை, கண்ணுகளா.