போகிற தண்ணீர்

கேரின் பின்கதவை இடுப்பால் தள்ளித் திறந்து, பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொல்லைப் பனிமேல் வீசினாள். இது நான்காவது பேசின் தண்ணீர். சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போன கறுப்பு உடையின் ஓரம் நனைந்து, அதற்குள் விறைத்துப் போயிருந்தது.

"குடு, நான் ஊத்தறேன்." தம்பி டேல் கையை நீட்டினான்.

"நீ ஒண்ணும் கிழிக்க வேணாம். கிழிச்ச வரைக்கும் போதும்."

அப்பா ரெய்னோவைக் காலையில் இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். புதைக்கவில்லை. தரை நாலைந்து அடி ஆழத்துக்கு உறைந்து கல்லாகிக் கிடக்கிறது. இடுகாட்டு ஓரத்தில் கல்லால் கட்டிய பிண அறைக்குள் பெட்டியை வைத்துப் பூட்டியாயிற்று. மே மாதம் மண் இளகியதும் புதைக்கலாம் என்று பாதிரியார் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். இந்த ஊரில் ஜனவரியில் சாகிற எல்லோருக்கும் அதுதான். எல்லோருக்கும் அதுதான் என்பதே இன்று கேரினுக்கு எரிச்சலாக இருந்தது.

அவர் செத்தது செவ்வாய்க்கிழமை. சமையலறை சிங்க்கின் கழிவுநீர்க் குழாய் உறைந்துவிட்டது என்று, எழுபத்தெட்டு வயதில், வீட்டுத் தரைக்கு அடியில் இருக்கிற மூன்றடி இடைவெளியில் ஊர்ந்துபோய், அம்மாவின் ஹேர் டிரையரால் சூடு காட்டிக்கொண்டிருந்தார். காப்பிக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் வராமல் அம்மா எல்மா குனிந்து பார்த்தபோது ஹேர் டிரையர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அம்மா அங்கே யாரையும் இறங்க விடவில்லை. குழாய் அடைத்தது அடைத்தபடியே இருந்தது.

அந்தக் குழாய் நடுவில் ஓரிடத்தில் தொங்கிப்போயிருந்தது. அங்கே தண்ணீர் தேங்கும், தேங்கினால் உறையும். தூக்கிக் கட்ட ஒரு தகரப் பட்டையும் நாலு ஆணியும் போதும். இரண்டு மைல் தள்ளிக் குடியிருக்கிற டேல் மூன்று வருஷமாக அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். டுலூத் நகரத்திலிருந்து நான்கரை மணி நேரம் காரோட்டி வந்த கேரின், வழியெல்லாம் அந்த அடுத்த வாரத்தையே மென்றுகொண்டு வந்தாள்.

சமையலறையில் அப்பாவோடு சுரங்கத்தில் வேலை பார்த்த ஆர்வோ காப்பியோடு உட்கார்ந்திருந்தார். "ரெய்னோ இருந்திருந்தா நம்ம எல்லாரையும் அடியில தள்ளி வேலை வாங்கியிருப்பான்" என்றார், கொஞ்சம் சிரிக்கலாமே என்று.

"செய்ய வேண்டியவன் செஞ்சிருந்தா இருந்திருப்பார்" என்றாள் கேரின்.

ஆர்வோ கோப்பையைப் பார்த்தார். டேலின் கழுத்து சிவந்தது.

"திட்டிட்டியா? இன்னும் இருக்கா?"

"நிறைய இருக்கு. மீன் புடிக்க உறைஞ்ச ஏரியில ஓட்டை போட நேரம் இருந்துச்சுல்ல? நாலு ஆணி அடிக்க மட்டும் துரைக்கு நேரமில்ல."

டேல் வாயைத் திறந்தான். அம்மாவைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"போதும் கேரின்" என்றாள் அம்மா.

"போதாது."

அவள் அப்பாவின் பழைய மேலங்கியை உடைமேல் மாட்டிக்கொண்டு, அலமாரி அறையின் தரைக்கதவைத் தூக்கினாள். "வேணாம்டீ" என்ற அம்மாவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் இறங்கறேன், உனக்குப் பழக்கமில்ல" என்று டேல் வந்தான்.

"அந்தக் குழாயத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன்."

கீழே மண் வாடையும் எலி வாடையும். அப்பாவை இழுத்தெடுத்த தடம் மண்ணில் அப்படியே இருந்தது. அவர் கிடந்த இடத்தில்தான் படுக்க வேண்டியிருந்தது, வேறு எங்கே படுத்தாலும் குழாய் எட்டாது. ஹேர் டிரையரை முடுக்கிக் கறுப்புப் பிளாஸ்டிக் குழாய்மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். டேலைத் திட்டினாள். பிறகு அப்பாவையும் திட்டினாள். பிடிவாதம் பிடித்த கிழவா, ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா? அழுகை வருகிற மாதிரி இருந்தபோதெல்லாம் இன்னும் உரக்கத் திட்டினாள்.

ஆர்வோவின் வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. முக்கால் மணி நேரத்தில் ஹேர் டிரையர் கொதித்து, தானாக நின்றுவிட்டது. அந்த அமைதியில் பலகைத் தரைக்கு மேலே அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"எவ்வளவு நேரம்டா வாங்கிக் கட்டிக்குவே? அவகிட்ட சொல்லித் தொலையேன்."

"எதைச் சொல்ல?"

"திங்கக்கிழமை போன்ல அவதானே சொன்னா? பூஜ்யத்துக்கு முப்பது கீழ போகுதாம், ராத்திரி பூரா தண்ணிய நூல் மாதிரி விட்டு வைங்கன்னு. உங்கப்பா வேணாம்னார். நான்தான், அவ சொன்னாளேன்னு..."

"நல்லதுக்குத்தானே சொன்னா. வர்ற தண்ணி உறையக் கூடாதுன்னு பாத்தா. போற தண்ணி சொட்டு சொட்டா உள்ளயே உறைஞ்சு படிஞ்சு அடைச்சுக்கும்னு மறந்துட்டா. இருபது வருஷமா அடுக்குமாடியில இருக்கா, அவளுக்கு எங்க ஞாபகம் இருக்கும்? நான் தொங்கலக் கட்டாததும் நிஜந்தானேம்மா. என்னைத் திட்டிட்டுப் போகட்டும். திட்ட ஒருத்தன் இருந்தாத்தான் ஊருக்குப் போய்த் தூங்குவா."

கேரின் அசையாமல் கிடந்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வெங்காயம் நறுக்கியபடி சொன்னது நினைவிருந்தது. அப்பா பின்னால் ஏதோ சொல்ல, "அவருக்கு என்ன தெரியும், நீ விட்டு வை" என்றதும் நினைவிருந்தது. இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். அவளுக்கும் தெரிந்த விஷயம்தான்.

கோபம் போகவில்லை. திரும்பி அவள் மேலேயே ஏறி உட்கார்ந்தது. அத்தனை பேச்சையும் பேசவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றானே என்று டேல் மேல் முன்னைவிட அதிகமாக வந்தது. கையுறையைக் கடித்துக்கொண்டாள். வாயெல்லாம் மண்.

ஹேர் டிரையர் ஆறியதும் மறுபடி முடுக்கினாள். கொஞ்ச நேரத்தில் குழாய்க்குள் எதுவோ விடுபட்டுச் சரிந்தது. கையை எடுத்தாள்.

"கேரின்!" மேலிருந்து டேல் குதிகாலால் தட்டினான். "தண்ணி விட்டுப் பாக்கவா?"

"விடு."

மெல்லிய ஒழுக்கு ஒன்று குழாய்க்குள் இறங்கியது. அவன் பயந்து பயந்து திறந்திருந்தான்.

"முழுசாத் திற!" அவள் குரல் உடைந்தது. "நூல் மாதிரி விடாத, டேல். முழுசா."

மேலே நாற்காலி ஒன்று நகர்ந்தது. பிறகு தண்ணீர் முழு வேகத்தில் இறங்கி அவள் முகத்துக்கு மேலே ஓடியது.

தரைக்கதவு திறந்து வெளிச்சம் விழுந்தது. சர்ச்சுக் கோட்டைக்கூடக் கழற்றாமல் டேல் முழங்காலால் ஊர்ந்து வந்தான்.

"நகரு" என்றான்.

கேரின் நகர்ந்து இடம் விட்டாள். இருவரும் மல்லாந்து கிடந்தார்கள். தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. குழாயை மூடச் சொல்லி இரண்டு பேரும் குரல் கொடுக்கவில்லை.