ஒரு வாய்க்கு ஓர் ஊர்

பார்சல் ஆபீஸ் கவுண்டரில் வேலை பார்த்தவளின் நாலு வயது மகள், கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தபடியே, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஊரை விட்டுக் கிளம்பிப் போனாள். வீட்டில் யாருக்கும் உடனே தெரியவில்லை. குளிக்க வாடி என்று அம்மா கூப்பிட்டதற்கு, குளிப்பாட்டித் துவட்டித் தலை சீவி முடித்த பிறகு "வரேன்" என்று பதில் வந்தது. விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். மறுநாள் அதே "வரேன்", அம்மா ஆபீஸுக்குக் கிளம்பி வாசலைத் தாண்டும்போது வந்தது. அந்த வாரம் முடிவதற்குள் காலையில் கேட்ட கேள்விக்கு மதியம் பதில் சொல்ல ஆரம்பித்தாள். காலையில் ஊற்றிய தண்ணீருக்குச் சாயங்காலம் சிலிர்த்தாள். எதையும் கொறித்துக் கொறித்துத் தின்பதால் அவளுக்குச் சுண்டெலி என்று பேர். அந்தச் சுண்டெலி கண்ணெதிரே இருந்தாள், தொட்டால் கைக்குத் தட்டுப்பட்டாள், ஆனால் நாளுக்கு நாள் தூரமாகிக்கொண்டிருந்தாள்.

குழந்தைகள் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். துடிப்பு சீராக இருக்கிறது, கூடவே லாரி ஹாரனும் கேட்கிறது என்றார். உள்ளங்காலில் செம்மண் ஒட்டியிருந்தது. இடது கன்னம் மட்டும் வெயிலில் கறுத்திருந்தது, ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர்களுக்கு ஆவதைப் போல. "பாப்பா நல்லாத்தான் இருக்கா. என்ன, தூரத்துல இருக்கா," என்று சொல்லிவிட்டு இருமலுக்கு ஒரு மருந்து எழுதினார். "இன்னிக்குக் குடுத்தா நாளைக்குத்தான் போய்ச் சேரும். அதனால இருமல் வர்றதுக்கு முன்னாடியே குடுத்திடுங்க." வழக்கமான ஃபீஸைத்தான் வாங்கிக்கொண்டார்.

காரணம், வெகுநாளாகத் திட்டம் போட்டுக்கொண்டே இருந்த ஒரு கார்ப் பயணம்தான் என்று அம்மாவுக்கு டாக்டர் வீட்டுப் படி இறங்கும்போதே புரிந்துவிட்டது. அவள் புருஷன் ஒரு பஸ் கம்பெனியில் நேர அட்டவணை போடுகிறவன். குழந்தை கொஞ்சம் நடக்க ஆரம்பித்ததும் மூவருமாகக் காரில் மேற்கே போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருவது என்று எப்போதோ முடிவாயிற்று. சாப்பாட்டு மேஜைக்கு மேலே சுவரில் பெரிய வரைபடத்தை ஒட்டி, குண்டூசி குத்தி, சிவப்பு நூல் கட்டினான். மலைக் கணவாய், பழைய கோட்டை இருக்கும் ஊர், கண்ணுக்கெட்டிய தூரம் உப்பு காயும் வெள்ளைப் பொட்டல், கடைசியில் கடற்கரையில் ஒரு கலங்கரை விளக்கம். சின்னப் பிள்ளையோடு போகிற பயணம் என்பதால் பார்த்துப் பார்த்துப் போட்டான். ஒன்றுக்குப் போக இங்கே நிற்க வேண்டும், ஊஞ்சல் இருக்கும் பூங்காவில் அங்கே நிற்க வேண்டும், கோட்டை ஊரில் இரண்டு ராத்திரி தங்க வேண்டும், பிள்ளை களைத்துப்போயிருப்பாள். கம்பெனியில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பத்து பஸ்ஸை ஊர் கடத்திவிடுகிறவன், சொந்தக் காரை வாசலை விட்டு நகர்த்தவில்லை. மழை என்றான், வெயில் என்றான், லீவு இல்லை என்றான், மலைப்பாதையில் பாலம் வேலை நடக்கிறது என்றான். உண்மையில் திட்டத்தில் எங்காவது ஓர் ஓட்டை இருந்துகொண்டே இருந்தது. ஓட்டையுள்ள திட்டத்தில் பெண்டாட்டி பிள்ளையை ஏற்ற அவனுக்கு மனசு வரவில்லை. அவ்வளவு பாசம்.

அவளுக்கு இது அலுத்துப்போய் வெகுநாளாயிற்று. ஆனால் அந்த வரைபடத்தால் ஓர் உபயோகம் இருப்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். சுண்டெலிக்குச் சோறு ஊட்டுவது என்பது மல்லுக்கட்டுகிற வேலை. வாயை இறுக்க மூடிக்கொள்வாள், கன்னத்தில் அடக்கிக்கொள்வாள், துப்புவாள். ஒருநாள் மேஜைமேல் அவளை உட்கார வைத்து, நூலில் விரலை ஓட்டி, "இந்த ஊருக்கு ஒரு வாய், ஆ காட்டு. இப்ப கார் மலை ஏறுது பாரு, அதுக்கு ஒரு வாய்," என்றாள். பிள்ளை வாயைத் திறந்தாள். அன்றிலிருந்து மூன்று வேளையும் ஒரு வாய்க்கு ஓர் ஊர். கலங்கரை விளக்கம் வந்தால் தட்டு காலி. இரண்டு வருஷம் இப்படி ஊட்டினாள். புருஷன் நூலை மாற்றிக் கட்டும்போதெல்லாம் அதற்கேற்ப ஊரும் மாறும், சோறு மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். அத்தனை ஊரையும் தின்ற பிள்ளை வீட்டிலேயே உட்கார்ந்திருப்பாளா என்று யாரும் யோசிக்கவில்லை.

வாசலில் கார் நின்ற இடத்தில் நின்றது. ஆனால் அதன் கிலோமீட்டர் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. டயரில் தேய்மானம் தெரிந்தது. யாருடன் போகிறாய் என்று அவள் மகளைக் கேட்டாள். நம்ம கார்லதான் என்ற பதில் மறுநாள் வந்தது. கார்ல வேற யாரு இருக்கா என்று உடனே கேட்டாள். அதற்கான பதில் வருவதற்குள் அவளுக்கு ஒரு ராத்திரி தூக்கமும் ஒரு பகல் வேலையும் கெட்டன.

"யாரும் இல்ல. நீங்க இன்னும் கிளம்பல," என்றது குழந்தை.

இதைக் கேட்ட பிறகு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இப்பவே போகலாம் வாங்க என்று புருஷனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவனோ ஏணி போட்டுச் சுவரில் ஏறினான். "அவசரப்பட்டா எங்கன்னு போய்த் தேடுவ? நூலைத் திருப்பிக் கட்டினா பாப்பா தானா திரும்பிடுவா. ஒரு ரெண்டு நாள் குடு." நூலைக் கோட்டை ஊரிலிருந்து வீட்டுப் பக்கம் இழுத்துக் கட்டினான். குழந்தையின் உள்ளங்காலில் செம்மண் போய் உப்பு ஒட்டியது. மறுபடி அவிழ்த்துக் கட்டினான். தலைமுடியில் கடல் காற்றின் பிசுபிசுப்பு ஏறியது. திட்டம் சுவரில் இல்லை, பிள்ளையின் வயிற்றில் இருக்கிறது என்று அவள் சொல்லிப் பார்த்தாள், அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அழுதுகொண்டே கட்டினான், கட்டிக்கொண்டே அழுதான். நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "உங்க ரெண்டு பேர் மாதிரி இல்ல பாப்பா. கிளம்பணும்னா கிளம்பிட்டா," என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போனாள்.

ஆபீஸில் அவள் வேலை, பார்சல் எங்கே என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது. வந்துக்கிட்டே இருக்கு சார், வழியிலதான் இருக்கு மேடம். அந்த வாரம் ஒவ்வொரு தடவை இதைச் சொன்னதும் அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்தால் ஊட்ட வேண்டும். ஊட்டிய சோறு எப்போது, எந்த ஊரில் போய்ச் சேர்கிறதோ. பிள்ளையின் கை மட்டும் நாளுக்கு நாள் மெலிந்தது. ஒரு சாயங்காலம் தட்டுடன் உட்கார்ந்தாள். தலையைத் தடவி, நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்து, ஒரு வாய் ஊட்டினாள். குழந்தை எப்போதோ ஊட்டியதை மென்றது. என்றைக்கோ வேறெதற்கோ திருப்பிய முகத்தை அப்போது திருப்பியது, சோறு அவள் மடியில் விழுந்தது. காலையிலிருந்து எத்தனை தடவை கூப்பிட்டாள், எத்தனை தடவை கெஞ்சினாள், ஒன்றுக்கும் பதில் இல்லை. அவள் கை ஓங்கி, அந்த வெயில் பட்ட கன்னத்தில் பளாரென்று அறைந்துவிட்டது.

கன்னம் சிவக்கவில்லை. குழந்தை அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அடி கிளம்பிவிட்டது, இன்னும் போய்ச் சேரவில்லை. தனியாக ஒரு காரில், அம்மா அப்பா எப்போது வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம், அவர்களுக்கு முன்னால் அந்த அறை போய் நிற்கும். ஏன் அடி விழுந்தது என்றுகூட அதற்குத் தெரியாது. அந்த நினைப்பை அவளால் தாங்க முடியவில்லை, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பதிவு செய்து அனுப்பியதை நடுவழியில் திருப்ப முடியாது என்று கவுண்டரில் எத்தனையோ பேரிடம் சொன்னவள் அவள்தான். சேருமிடத்துக்கு அதற்கு முன்னால் போய் நின்றால்தான் உண்டு.

"நான் பாப்பாவை அடிச்சிட்டேங்க. அடி வழியில போய்க்கிட்டிருக்கு," என்றாள்.

ஏணியில் இருந்தவன் இறங்கினான். நூலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த வீட்டுக்கு உபயோகமான ஒரு கணக்கைப் போட்டான். "பாப்பா இந்நேரம் கலங்கரை விளக்கத்துக்கிட்ட போயிருப்பா. அதோட நூல் முடிஞ்சுது, அங்கதான் நிப்பா. அடி அங்க போகணும்னா என் திட்டப்படிதான் போகணும், வேற வழி கிடையாது. ஒண்ணுக்குப் போற இடத்துல நிக்கும். பூங்காவுல நிக்கும். கோட்டை ஊர்ல ரெண்டு ராத்திரி தங்கும்."

"நாம எங்கயும் நிக்காம போனா?"

அதற்கு அவனிடம் திட்டம் இல்லை. சுண்டெலியைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்துப் பட்டை மாட்டினான், வீட்டைப் பூட்ட மறந்தான், ரப்பர் செருப்போடு காரைக் கிளப்பினான்.

மலைக் கணவாய் அவர்களுக்கு ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரு வளைவும் இன்னொரு வளைவும்தான். பசித்தால் பெட்ரோல் பங்கில் வாங்கிய ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். விடிந்து வெயில் ஏறியபோது ஒரு பூங்காவைக் கடந்தார்கள். ஆளில்லாத ஊஞ்சல் ஒன்று தானாக ஆடிக்கொண்டிருந்தது. அவளுடைய வலது உள்ளங்கை எரிந்தது. "இங்கதாங்க இருக்கு. நிறுத்துங்க, இறங்கிப் பிடிச்சிடுறேன்," என்று கதவில் கையை வைத்தாள். அவன் நிறுத்தவில்லை. "அது பாட்டுக்கு விளையாடட்டும்," என்று சொல்லி இன்னும் அழுத்தி மிதித்தான். இரண்டு வருஷமாக நிற்கும் இடங்களையே யோசித்தவன் ஒரு சிக்னலில்கூட நிற்கவில்லை. அந்த மனுஷன்மேல் அவளுக்கு வெகுநாளைக்குப் பிறகு பிரியம் வந்தது.

கோட்டையைத் தாண்டினார்கள். வெள்ளைப் பொட்டலில் கண் கூசியது. அவள் திரும்பித் திரும்பி மகளைக் கூப்பிட்டாள். முதலில் பதிலே இல்லை. கோட்டைக்கு அப்புறம் கூப்பிட்டதற்குப் பொட்டலின் பாதியில் "ம்" என்று வந்தது. அதற்கு அப்புறம் கூப்பிட்டதற்கு அடுத்த திருப்பத்தில் வந்தது. அப்புறம் ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவில் வந்தது. அவள் கூப்பிடுவதை நிறுத்தவே இல்லை, குரல் கட்டிப்போயிற்று. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே கார்கள் நிறுத்தும் திடலில், ஓரமாக ஒரு கார் நிற்கிற அளவு இடம் காலியாக இருந்தது. அங்கே கொண்டுபோய் அவன் நிறுத்தியதும் கார் ஒரு குலுங்கு குலுங்கி அடங்கியது.

"ஏம்மா இவ்ளோ லேட்?" என்றாள் சுண்டெலி, யாரும் கூப்பிடாமலே.

அவள் பின்சீட்டுக்குத் தாவி மகளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். வாசனை பார்த்தாள், கை கால் விரல்களைத் தடவினாள். பிள்ளை அப்பனின் மூக்கைப் பிடித்து இழுத்தது, கடலுக்குப் போகலாம் என்றது. போகக் கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். திடலில் காசு வசூலிக்கிறவர் வந்து எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டார். ஒண்ணு வர வேண்டியிருக்கு, வந்ததும் போயிடுவோம் என்றான் புருஷன். அப்படியே தங்கினார்கள். பகலில் காருக்குள் உட்கார்ந்திருந்தாள், சாயங்காலம் காருக்குள் உட்கார்ந்திருந்தாள், பிள்ளையைக் கதவுக்கு வெளியே விடவில்லை.

வழியில் இருந்தவை அனுப்பிய வரிசையில் வந்தன. போன வாரத்து இருமல் மருந்து வந்து பிள்ளை முகத்தைச் சுளித்தது. குளிப்பாட்டிய தண்ணீர் வந்து தலை ஈரமாயிற்று, அவள் முந்தானையால் துவட்டினாள். ஊட்டிய வேளைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, பிள்ளை வெறும் வாயை மென்று மென்று கன்னம் உப்பியது. அவள் ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டுகொண்டாள், கவுண்டரில் வேலை பார்த்த பழக்கம். கடைசியில் ஒரு மதியம் பிள்ளையின் தலைமுடி, யாரோ தடவுகிற மாதிரி லேசாகப் படிந்தது. அவள் விறைத்து உட்கார்ந்தாள். நெற்றியில் ஏதோ பட்டு பிள்ளை சிரித்தது. பிறகு ஒரு வாய் மென்றது.

அவள் தன் கன்னத்தை மகளின் இடது கன்னத்தின்மேல் வைத்து அழுத்தி, இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். "மூச்சு முட்டுதும்மா," என்று பிள்ளை திமிறியது. "கொஞ்சம் இருடா கண்ணு, இதோ வந்திடும்," என்றாள். புருஷன் கண்ணை மூடிக்கொண்டான்.

பளாரென்ற சத்தத்துக்கு அடுத்த காரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலை ஒரு பக்கமாகப் போய்ச் சீட்டில் மோதியது. தன் கை இவ்வளவு கனம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. நாலு வயசுப் பிள்ளைக்கு இதையா அனுப்பினோம் என்று நினைத்ததும் விம்மி விம்மி அழுதாள். காசு வசூலிக்கிறவர் எட்டிப் பார்த்து, "வந்திடுச்சா? இந்தப் பக்கம் வர்றதெல்லாம் மத்தியானத்துக்கு மேலதான் வரும்," என்று சொல்லிவிட்டு, இத்தனை நாள் நின்றதற்கான சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். புருஷன் காசை எடுத்தான்.

மடியிலிருந்து சுண்டெலி நிமிர்ந்து, அம்மாவின் கன்னத்தில் பதிந்திருந்த விரல்களை ஒன்றொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"யாரும்மா அடிச்சா?"

"நான்தான்."

"வலிக்குதா?"

"வலிக்குது."

பிள்ளை இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு ஊதினாள். ஊதியது அப்போதே வந்து சேர்ந்தது.