மதகை மூடிய கை

ஊர் வரலாற்றுப் புத்தகத்தில் தங்கைக்கு ஒரு முழுப் பக்கம், புகைப்படத்தோடு. அக்காவுக்கு ஒரு வரிகூட இல்லை. செய்தி காதில் விழுந்ததும், முட்டைக்கோஸ் அறுத்துக்கொண்டிருந்த அக்காவின் கத்தி வெளியிலையோடு பாதிக் காயையும் சீவித் தள்ளியது.

விதைக்கடையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பொட்டலம் கட்டுகிறவளுக்குப் பக்கம். கடற்காற்றிலும் சேற்றிலும் முதுகு வளைந்தவளுக்கு நாமம். பிறந்ததிலிருந்தே இதே கதைதான். ஒரே கடையில் துணி எடுத்தாலும் தங்கைக்குப் பூப்போட்டது, அக்காவுக்கு அழுக்குத் தெரியாதது.

"முப்பது வருஷம் முன்னாடி கடற்கரை உடைஞ்ச கதையை அவதான் சொல்லியிருக்காளாம். போட்டோவுல ஜம்முனு இருக்கா," என்றாள் பக்கத்து வயல்காரி.

"அன்னைக்கு அவ காய்ச்சல்ல போர்வைக்குள்ள கிடந்தா! அவ என்னத்தைக் கண்டா?"

"என்கிட்ட கத்தி என்ன பண்ண? நூலகத்துல போய்ச் சொல்லு. தண்ணி குடிச்சுட்டுப் போ, காதுல புகை வருது."

அக்கா கைச்சேற்றைக்கூடக் கழுவாமல் கிளம்பினாள். தங்கை பொய் சொன்னதை நிரூபித்து, அந்தப் பக்கத்தில் தன் பெயரை ஏற்றாமல் திரும்புவதில்லை என்று முடிவு கட்டியிருந்தாள்.

புத்தகத்தைத் தொகுப்பவர் நூலகத்து அம்மாள். விஷயத்தைக் கேட்டவர், அச்சுக்குப் போகவிருந்த தாளை எடுத்து, தங்கை சொன்னதை நிதானமாகப் படித்துக் காட்டினார்.

"அப்போ நான் சின்னப் பொண்ணு. எல்லாரும் மண்மூட்டையோட உடைப்புக்கு ஓடினாங்க. நான் பயத்துல மதகுக்கு ஓடினேன். பலகையை இறக்கி மூடினேன். உள்ளங்கையில சிராய் ஏறினதுகூடத் தெரியல."

அக்கா நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள்.

கடலைவிடத் தாழ்ந்த வயல்கள் அவை. கடல் ஏறும்போது மதகை மூட வேண்டும், இறங்கும்போது திறக்க வேண்டும். கரையே உடைந்து கடல் உள்ளே வந்த பிறகு மூடினால்? வந்த தண்ணீருக்குத் திரும்பிப் போக வழி ஏது? வயல்கள் இரண்டு நாள் உப்பைக் குடித்தன. மூன்று வருஷம் புல்கூட முளைக்கவில்லை. பதினோரு குடும்பங்கள் ஊரைவிட்டே போயின. மூடிய கை எதுவென்று தெரியாமலே ஊர் முப்பது வருஷமாக அதைச் சபித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கை அக்காவுடையது. ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லி அழுதிருந்தாள், காய்ச்சல்காரியின் போர்வைக்குள் நுழைந்து. சிராயைக்கூடக் காட்டியிருந்தாள்.

வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனால் போதும். பழி தங்கை தலையில் ஏறிவிடும். அக்கா எழுந்தும் விட்டாள்.

"ஊரே அவங்களைத் திட்டும்னு பயந்தேன்," என்றார் நூலகத்து அம்மாள். "ஆனா கேட்டவங்க எல்லாம் அழறாங்க. முப்பது வருஷம் இதை மனசுல வச்சுக்கிட்டு எப்படித்தான் தூங்கினாங்களோன்னு."

தூங்கினாளா? அவளா? தலையணையில் தலை பட்டதும் குறட்டை விடுகிறவள்! காலியாகக் கிடந்த அந்தப் பதினோரு வீடுகளையும் பார்க்க மாட்டாமல் முப்பது வருஷம் சுற்றுவழியில் வயலுக்குப் போனவள் யார்? அக்கா மேசைக்கே திரும்பி வந்தாள். பூப்போட்ட துணியை எடுத்துக்கொண்டாள், சரி. இதையுமா?

"அதை அடிங்க."

"எதை?"

"அவ பேரை. மதகை மூடினது நான். சிராய் ஏறினது இந்தக் கையில. தூங்காதது நான். எல்லாம் என்னோடது."

நூலகத்து அம்மாள் பேனாவின் மூடியைக் கழற்றாமல் அவளையே பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுங்க. அச்சானா மாத்த முடியாது. ஊர்ல எல்லாரும் உங்க தங்கச்சியை மாதிரி உங்களையும் விட்டுடுவாங்கன்னு சொல்ல முடியாது."

"திட்டட்டும். திட்டுறவங்க என்னைத் திட்டட்டும். அவளை எதுக்குத் திட்டணும்?"

பேனா நகர்ந்தது. அக்கா எட்டிப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துச் சரிபார்த்தாள்.

"போட்டோ மட்டும் அவங்களோடதே இருக்கட்டுமா? நல்லா வந்திருக்கு."

"ஏன், எனக்கு மூஞ்சி இல்லையா?" என்றாள் அக்கா, சேற்றுக் கையாலேயே முடியை ஒதுக்கிக்கொண்டு. "போட்டோக்காரரைக் கூப்பிடுங்க."