உட்கார்ந்திருக்கும் பெண்

"ஜன்னலுக்கு நேரா வேணாம். பக்கவாட்டுல போடுங்க. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்," என்றார் பிரின்சிபால்.

மடக்குக் கட்டிலின் தலைப்பக்கத்தை மகள் பிடித்திருந்தாள். கால்பக்கத்தைச் சித்தப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கி வந்தார்கள். படுக்கையறை நிலையில் ஒரு இடி, நடையில் ஒரு இடி, எப்படியோ கூடத்துக்கு வந்து சேர்ந்தாயிற்று. கட்டிலில் அம்மா. முந்தைய நாள் மாலை உயிர் போனது. அன்று இரவே மகளும் சித்தியுமாக உடம்பைத் துடைத்து உடை மாற்றிவிட்டிருந்தார்கள்.

பிரின்சிபால் என்பது அவளுடைய அப்பா. ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. அம்மாகூட, "பிரின்சிபாலுக்குப் பசிக்கலயாமா? நான் பாத்திரத்தக் கழுவிடலாமா?" என்று மகளிடம்தான் கேட்பாள், அவர் காதில் விழும்படி.

"அப்படியே மேடை மேல ஏத்திடுங்க," என்றார்.

"மேடை எதுக்குப்பா? வர்றவங்க குனிஞ்சு பாத்துட்டுப் போகட்டுமே."

"பின்னாடி இருக்கறவங்களுக்கும் தெரியணும்ல."

மகள் ஏற்றி வைத்தாள். வருகிறவர்கள் எல்லோரும் அம்மாவின் முகத்தை நன்றாகப் பார்க்க வேண்டும் என்று இந்த மனுஷனுக்குத் தோன்றியிருக்கிறதே என்று மனசு ஒரு நிமிஷம் இளகியது. நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த அப்பாவோடு பழகியும் அவள் ஏமாந்துபோனாள். அம்மாவைத் தன் கையாலேயே தூக்கிக் கொண்டுவந்து அங்கே வைத்தாள்.

அந்த மேடை முழங்கால் உயரம். அப்பா வீட்டிலேயே நடத்திய பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிய பிறகும் கூடத்தின் நடுவிலேயே கிடந்தது. அம்மா அதன்மேல் அரிசி மூட்டையும் துவைத்த துணியும் வைப்பாள். அப்பா ஒவ்வொரு தடவையும் எடுக்கச் சொல்வார். அவள் எடுத்துவிட்டு, அவர் தூங்கிய பிறகு மறுபடியும் வைப்பாள்.

பெரிய கல்லூரியில் மேலதிகாரியோடு சண்டை போட்டு வேலையை உதறிவிட்டு வந்தவர் அப்பா. வந்த சூட்டோடு இந்தக் கூடத்தில் சொந்தமாக ஓவியப் பள்ளி தொடங்கினார். அங்கீகாரம் கிடையாது, சான்றிதழ் கிடையாது. வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள் வந்தார்கள். வந்தவர்களைப் பிழிந்தெடுத்தார். உள்ளதைப் பார், பார்த்ததை வரை. அவ்வளவுதான் பாடம். பார்ப்பதற்கு ஒரு ஆள் வேண்டுமே. கூலிக்கு வந்து உட்கார்ந்த பெண் ஒரே வாரத்தில் இடுப்பு வலி என்று ஓடிவிட்டாள். வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் என்று சொல்லி, அடுப்படியில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டு மேடையில் உட்கார வைத்தார். வேறு ஆள் கிடைக்கவே இல்லை. தேடினால் அல்லவா கிடைக்கும்!

காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம். இரண்டுக்கும் அம்மா உட்கார்ந்தாள். தோள் தெரிய ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு, ஈ உட்கார்ந்தாலும் ஓட்டாமல். தெருப் பையன்கள் மகளைப் பார்த்து, "உங்கம்மாவ எங்கண்ணன் நல்லா பாத்திருக்கான்" என்று சிரிப்பார்கள். அவள் கல்லெடுத்து அடித்துவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அடி வாங்குவாள். போன வருஷம் மூட்டும் இடுப்பும் சிறுநீரகமும் ஒன்றாகப் படுத்துக்கொண்டபோது டாக்டர் கேட்டார், "என்னம்மா, லாரி ஓட்டினீங்களா?" அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "உக்காந்திருக்கற வேலைதான் டாக்டர்" என்றாள்.

பிறகு சான்றிதழ் தரும் கல்லூரி ஒன்று நாலு தெரு தள்ளி வந்தது. மாணவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் கும்பலாக அங்கே போனார்கள். பள்ளிக்கூடம் படுத்துவிட்டது. ஆனால் அப்படிப் போனவர்கள் பேர் வாங்க வாங்க, இல்லாத பள்ளிக்கூடத்துக்கு மவுசு வந்துவிட்டது. அங்கே படித்தவர் என்றால் படத்துக்கு விலையே வேறாம். அருங்காட்சியகத்தில் பள்ளியின் வரலாறு என்று பெரிய கண்காட்சி வைக்கப்போகிறார்கள். சுவர் சுவராக அம்மாதான் தொங்கப்போகிறாள். யார் வரைந்த படமானாலும் கீழே ஒரே தலைப்புதான்: உட்கார்ந்திருக்கும் பெண். பேரில்லை. பிரின்சிபாலின் மனைவி என்றுகூட இல்லை.

முதலில் வந்தது நெட்டை. பள்ளியின் கடைசிக் கூட்டத்தில் படித்தவள், இப்போது எங்கேயோ ஓவிய ஆசிரியை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பெண்தான். ஆனால் அவளுடைய இன்னொரு கையிடுக்கில் துணி சுற்றிய வரைபலகை ஒன்று இருந்தது. மகள் அதைப் பார்த்தாள். அவசரத்தில் வேலையிலிருந்து நேரே வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்து வந்தவரிடமும் பலகை இருந்தது. அதற்கடுத்து மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள், மூன்று பலகை. தலை நரைத்தவர்கள், தொப்பை விழுந்தவர்கள். உள்ளே நுழைந்ததும் அவர்கள் யாரும் கட்டிலுக்குப் பக்கத்தில் போகவில்லை. ஆளுக்கொரு மூலைக்குப் போய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒரு அடி பின்னே நகர்ந்து, தரையில் உட்கார்ந்தார்கள். மாணவர்களாக இருந்தபோது உட்கார்ந்த அதே இடங்கள். அங்கே இருந்து பார்த்தால் அம்மா எப்படித் தெரிவாள் என்று மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். ஒருவர் மெதுவாக, மரியாதையாக, கட்டிலுக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு நின்ற சித்தியிடம் சொன்னார்:

"கொஞ்சம் நகருங்கம்மா. மறைக்குது."

சித்தியின் அழுகை சட்டென்று நின்றது. "என்னது?"

"நீங்க நிக்கறது... மறைக்குது."

"யோவ், நான் அவ கூடப் பொறந்தவ! நான் மறைக்கறேனா? நீ எந்திரிச்சு வெளியில போய்யா!"

மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கவாட்டு ஜன்னல், மேடை, பின்னாடி இருக்கிறவர்களுக்குத் தெரிவது. அப்பா கதவருகே நின்று, வருகிறவர்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவர் ஒரு சொட்டுக்கூட அழவில்லை. வேலை இருந்ததல்லவா!

"அப்பா, இவங்களப் பலகை எடுத்துட்டு வரச் சொன்னது நீங்களா?"

"நான்தான். ராத்திரியே எல்லாருக்கும் போன் பண்ணிட்டேன்."

"எதுக்கு?"

"நம்ம சிற்ப மாஸ்டர் செத்துப்போனப்போ அவரச் சுத்தி எல்லாரும் உக்காந்து வரைஞ்சோமே, ஞாபகமில்லயா? நம்ம பள்ளிக்கூடத்துல அதுதான் மரியாதை. மாலை போடறது, பேசறது எல்லாம் வெளியாளுங்களுக்கு."

"அவரு மாஸ்டர். அவர வரைஞ்சா அது மரியாதை. அம்மாவுக்கு இது மரியாதை இல்லப்பா, வேலை. இத்தன வருஷம் வாங்கின வேலை பத்தலயா உங்களுக்கு?"

"மெதுவாப் பேசு."

"மாட்டேன்."

"கண்காட்சிக்காரங்களும் கேட்டாங்க. பள்ளிக்கூடத்தோட கடைசி வகுப்புன்னு தனியா ஒரு அறையே ஒதுக்கறாங்களாம். நான் சரின்னுட்டேன்."

"யாரக் கேட்டு சரின்னீங்க?"

அப்பாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. உண்மையாகவே புரியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வெறியேற்றியது.

"அவளா?" என்றார். "அவ என்னிக்காவது மாட்டேன்னு சொல்லியிருக்காளா?"

பலகைகளில் தாளைக் குத்திக்கொண்டிருந்த கைகள் நின்றன. யாரும் தலையை நிமிர்த்தவில்லை. சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, சுடுகாட்டு வண்டி எப்போது வரும் என்று பார்க்க வெளியே போனார். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அவருக்கு வெளியில் ஒரு வேலை வந்துவிடும்.

அந்த நேரத்தில்தான் தாடி வந்தார். தாடியை எடுத்துப் பல வருஷமாகிறது, பேர் மட்டும் மிச்சம். பள்ளிக்கூடம் பெற்ற பிள்ளைகளில் பெரிய ஆள். சான்றிதழ்க் கல்லூரிக்கு முதலில் தாவியதும் அவர்தான். இப்போது பேட்டிக்குப் பேட்டி இந்தக் கூடத்தைக் கோயில் என்று சொல்கிறவரும் அவர்தான். தரையில் இருந்தவர்கள் எல்லாம் அவருக்காக எழுந்து நின்றார்கள். வந்தவர் அப்பாவைக் கட்டிக்கொண்டார். பிறகு மகளிடம் வந்தார்.

"பாப்பா," என்றார். அவளுக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. "கோவப்படாத பாப்பா. அம்மா எங்க எல்லாருக்கும் அம்மா. அவங்க இல்லேன்னா நான் இல்ல. என்னோட 'உட்கார்ந்திருக்கும் பெண்' படத்தப் பாத்திருக்க இல்ல? கன்னத்துல கண்ணீர் வழியுமே, அது?"

பார்த்திருக்கிறாள். காலண்டரில் வந்தது. பாடப் புத்தக அட்டையில் வந்தது.

"உலகம் பூரா கேக்கறாங்க, இந்தப் பொண்ணு ஏன் அழறான்னு. எனக்கே தெரியாது. மூஞ்சி அசையல, உதடு அசையல, தண்ணி மட்டும் அது பாட்டுக்கு வழியுது. நான் வரைஞ்சேன். அந்தப் படத்தோட உசிரே அந்த மர்மந்தான் பாப்பா."

"மர்மமா?" என்றாள் மகள்.

அவளுடைய குரல் இறங்கிவிட்டிருந்தது. அதைக் கேட்டுச் சித்தி பயந்துபோய் அவளுடைய தோளைப் பிடித்தாள்.

"எனக்கு அன்னிக்கு ஜுரம். நெருப்பாக் கொதிச்சுது. படுக்கையிலேயே வாந்தி எடுத்துட்டேன். இதோ இந்தக் கதவுகிட்ட வந்து நின்னு அம்மா, அம்மான்னு கூப்பிட்டேன். அவ திரும்பல. கண்ண மட்டும் திருப்பினா. அப்பா என்னப் பாத்து, வகுப்பு முடியற வரைக்கும் போய்ப் படுன்னாரு. நான் போகல. அழுதேன். சத்தம் தாங்காம ஒரு ஆள் எழுந்து வந்து என் மூஞ்சிக்கு நேரா கதவச் சாத்தினாரு."

தாடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் சாத்தினீங்க. சாத்திட்டுப் போய் உக்காந்து வரைஞ்சிருக்கீங்க."

தாடிக்கு ஞாபகம் வந்ததா, வராமலேயே நம்பினாரா, தெரியவில்லை. கதவைப் பார்த்தார். பிறகு தன் பலகையைச் சுவரோரம் திருப்பி வைத்துவிட்டு அங்கேயே நின்றார். அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது மகளுக்கு. அடித்திருந்தால்கூட இவ்வளவு நன்றாக இருந்திருக்காது என்றும் தோன்றியது.

"பேசினது போதும்," என்றார் அப்பா. "வெளிச்சம் போயிடும். வண்டி வேற வந்துடும். எல்லாரும் உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். அதுதான் கொடுமை. தலையைக் குனிந்துகொண்டு, கூச்சப்பட்டுக்கொண்டு, ஆனாலும் உட்கார்ந்தார்கள். அந்தக் குரலுக்கு உட்கார்ந்து பழகிய உடம்புகள். நெட்டை மட்டும் எழுந்து, பலகையைத் துணியில் சுற்றிக்கொண்டு மகளின் பக்கத்தில் வந்து நின்றாள். வேறு யாரும் எழவில்லை.

அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேடையில் ஏறினார். கட்டிலைச் சுற்றி ஒருமுறை வந்தார். அம்மாவின் முகம் சுவர்ப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. முந்தைய இரவு தலையணை வைக்கும்போது சாய்ந்திருக்கும், யாரும் கவனிக்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழவில்லை.

அவர் குனிந்து, வலதுகையின் இரண்டு விரலை அம்மாவின் தாடைக்குக் கீழே வைத்தார். வகுப்பு தொடங்கும்போது எப்போதும் செய்வதுதான். வாயால் சொல்ல மாட்டார். இரண்டு விரல் பட்டால் அம்மா திரும்புவாள். விரலை எடுத்த இடத்தில் நிற்பாள்.

முகம் திரும்பவில்லை.

அவர் விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். கொஞ்சம் அழுத்தினார். பிறகு உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தள்ளினார். உடம்பு விறைத்துப்போயிருந்தது. கழுத்தோடு தோளும் சேர்ந்து லேசாக எழும்பியதே தவிர, முகம் சுவரைப் பார்த்தபடியே இருந்தது.

"சார்," என்றார் ஒருவர் பின்னாலிருந்து. "வேணாம் சார்."

அப்பாவின் காதில் அது விழவில்லை. இன்னும் கீழே குனிந்து அம்மாவின் காதருகே போனார்.

"கொஞ்சம் இப்படி," என்றார். "கொஞ்சந்தான்."

கூடத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருடைய பென்சிலும் தாளில் படவில்லை. அவர் இரண்டு கையாலும் முயன்று பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, மூச்சு வாங்க, அன்று காலையிலிருந்து முதல் தடவையாக மகளை நேராகப் பார்த்தார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை. தெரு தெரியாமல் நிற்கிறவர் முகம் போல இருந்தது.

"நீ வந்து கொஞ்சம் பிடியேன்," என்றார்.

மகள் போகவில்லை. வெளியே வண்டி வந்து நின்று, சித்தப்பா யாரிடமோ வழி சொல்லும் சத்தம் கேட்டது. ஜன்னல் வெளிச்சம் அம்மாவின் காதிலும் பின்னந்தலை முடியிலும் விழுந்திருந்தது.